வசனத்தில் பிடிபட்டேன்

1. முதல் செய்தி

என் முதல் செய்தி பத்திரிகையில் வந்த அன்று, அது என் செய்திதான் என்று எனக்கே தெரியவில்லை.

மன்னார்த் தீவிலிருந்து ஒரு நாளிதழுக்கு இருபத்தேழு வருடம் செய்தி அனுப்பியவள் நான். பிரதேச நிருபர் என்பது பதவியின் பெயர். போய் வேலை செய்யக் கந்தோர் கிடையாது, உட்காரக் கதிரை கிடையாது. ஒரு லேடீஸ் சைக்கிள், ஒரு கொப்பி, பத்திரிகையின் முத்திரை குத்திய அடையாள அட்டை. அவ்வளவுதான் கந்தோர். போன வருடம் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எப்போதாவது வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. "அக்கா, உங்களுக்கெண்டு ஒரு நடை இருக்கு. பேர் இல்லாட்டிலும் நீங்கள் எழுதினது எண்டு தெரியும். அது எப்பிடி வந்தது?"

படித்து வந்தது என்று சொன்னால் பொய். சண்டை பிடித்து வந்தது. அந்தச் சண்டைகளில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் செய்தி தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி ஒன்றைப் பற்றியது. தலைமன்னார் வீதியில் உள்ள ஒரு கிராமத்துக்குக் கிழமைக்கு இரண்டு தரம் வரவேண்டிய பவுசர் ஒன்பது நாளாக வரவில்லை. நான் நேரில் போய்ப் பார்த்து இப்படி எழுதினேன்: "காலை ஆறு மணிக்குப் பெண்கள் வாளிகளை வரிசையில் வைத்தார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறியது. பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். பின்னேரம் வரை வாளிகள் மட்டும் வரிசையில் நின்றன." மன்னார் ரவுணில் காசுக்கு ரெலிபோன், பக்ஸ் எடுக்க விடும் ஒரு கொமினிகேசன் கடையில் இருந்து கொழும்பில் உள்ள பத்திரிகைக்குப் பக்ஸ் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் இப்படி வந்தது: "மன்னார் மாவட்டத்தின் பல பகுதிகளிலும் நிலவும் கடும் குடிநீர்த் தட்டுப்பாடு காரணமாக மக்கள் பெரும் அசௌகரியங்களுக்கு முகங்கொடுத்து வருவதாகத் தெரிவிக்கப்படுகின்றது."

பத்திரிகையைக் கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். வாளியோடு நின்ற ஒரு பெண் வாசித்துவிட்டு, "இது எந்த ஊர், பிள்ளை? அங்கயும் தண்ணி இல்லையோ?" என்று கேட்டாள்.

கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். டெஸ்கில் முத்துலிங்கம் சேர் என்றொரு துணை ஆசிரியர். பிரதேசச் செய்திகளெல்லாம் அவருடைய சிவப்புப் பேனையைக் கடந்துதான் போகும். அதட்டாத குரல்.

"பிள்ளை, நீர் எழுதினது வடிவாத்தான் கிடக்கு. ஆனா அது செய்தி இல்லை. செய்திக்கு ஒரு நடை இருக்கு. முப்பது வருசமா பேப்பர் அந்த நடையிலதான் வருது."

"அந்த நடையில ஊர் தெரியேல்லையே, சேர்."

"மன்னார் எண்டு போட்டிருக்குத்தானே."

"பேர் இருக்கு, சேர். ஊர் இல்லை."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வேற செய்தி இருந்தா அனுப்பும்" என்று வைத்துவிட்டார். எனக்கு அப்போது முப்பது வயது. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இருந்தும் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.

2. லைன் அறுந்துபோகும்

என் வசனங்கள் குட்டையாக இருப்பதற்குக் காரணம் இலக்கியம் அல்ல. ரெலிபோன்.

சண்டைக் காலத்தில் பக்ஸ் பாதி நாள் வேலை செய்யாது. அப்போது செய்தியை வாயால் சொல்லவேண்டும். கொழும்பில் ஒருவர் காதில் வைத்துக்கொண்டு எழுதுவார். லைன் எந்த நிமிடமும் அறுந்துபோகும். அறுந்தால் மறுபடி கிடைக்க ஒரு மணித்தியாலமும் ஆகலாம், அடுத்த நாளும் ஆகலாம்.

முத்துலிங்கம் சேருடன் சண்டை பிடித்த பிறகு எனக்கும் கொஞ்சம் பயம் வந்திருந்தது. பத்திரிகை நடையில் எழுதிப் பார்ப்போம் என்று முயன்றுகொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான் எங்கள் கரையில் ஒரு படகு கவிழ்ந்தது. அதில் போன நான்கு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். ஒருவருக்குக் கையில் காயம், அவ்வளவுதான். நான் கொப்பியில் ஒரே வசனமாக எழுதி வைத்து வாசித்தேன்: "நேற்று அதிகாலை தொழிலுக்குச் சென்ற நான்கு மீனவர்கள் பயணித்த படகு பலத்த காற்றின் காரணமாகக் கவிழ்ந்ததில் கடலில் வீழ்ந்த குறித்த நால்வரும்…"

அந்த இடத்தில் லைன் அறுந்தது.

தமிழில் வினை கடைசியில்தான் வரும். நால்வரும் கரை சேர்ந்தார்களா, செத்தார்களா என்பது நான் சொல்லாமல் விட்ட அந்தக் கடைசிச் சொல்லில் இருந்தது. நான் பின்னேரம் வரை கடையில் நின்று முயன்றேன். கிடைக்கவில்லை. அடுத்த நாள் பத்திரிகையில், "படகு கவிழ்ந்தது, நால்வரின் கதி என்ன?" என்று வந்தது. நான்கு பெயர்களும் முன்பே சொல்லியிருந்தேன். அவை மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்திருந்தன.

வவுனியாவில் இருந்த ஒரு தமக்கை அதை வாசித்துவிட்டு, பஸ் ஏறி, வழி நெடுகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். வீட்டு முற்றத்தில் தம்பிக்காரன் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிந்ததும் என் வீட்டு விலாசம் கேட்டு நேரே வந்தாள்.

"நீங்களோ எழுதினது?"

"ஓம். லைன் அறுந்துபோச்சு அக்கா."

"அறுந்துபோகும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? அப்ப ஏன் உயிரோட இருக்கிறாங்கள் எண்டதைக் கடைசிக்கு வைச்சனீங்கள்?"

அன்றைக்கே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். முதல் வசனத்தில் உயிர் இருக்க வேண்டும். ஒவ்வொரு வசனமும் தன் காலில் நிற்க வேண்டும். மூன்றாவது வசனத்தில் லைன் அறுந்தால் முதல் இரண்டு வசனமும் முழுச் செய்தியாக இருக்க வேண்டும். "நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். படகு கவிழ்ந்தது. காற்று பலமாக இருந்தது." இனி எங்கே அறுந்தாலும் யாரும் பஸ் ஏறி அழுதுகொண்டு வரத் தேவையில்லை.

முத்துலிங்கம் சேர் அந்தச் சிறிய வசனங்களை ஒட்டி ஒட்டி நீளமாக்குவார். நான் மறுபடியும் சிறிதாகவே அனுப்புவேன். ஒரு வருடம் போல இந்த இழுபறி நடந்தது. ஒரு நாள் மூன்று வசனங்களை ஒட்டாமல் அப்படியே விட்டிருந்தார். களைத்துவிட்டாரோ, நேரம் இல்லையோ தெரியாது. நான் கேட்கவில்லை. அடுத்த நாள் நான்கு வசனம் அனுப்பினேன்.

3. கொண்டு போனவை

திரேசம்மா என்ற தாய்க்கு ஒரே மகன். இருபத்திரண்டு வயதில் வீட்டிலிருந்து அவனைச் சிலர் கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அவரைப் பற்றி நான் எழுதிய செய்தியில் "மகன் காணாமற்போனார்" என்று இருந்தது. எல்லோரும் எழுதுகிற சொல்தான். நானும் யோசிக்காமல் எழுதியிருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பிடித்தார். பத்திரிகைத் துண்டை மணிபர்சுக்குள் மடித்து வைத்திருந்தார்.

"மகள், 'காணாமற்போனார்' எண்டு போட்டிருக்கிறியள். என்ர பிள்ளை சந்தைக்குப் போய் வழி தவறினவனோ?"

"இல்லை அம்மா."

"அவன் போகேல்ல. கொண்டு போனவை. ஆர் எண்டு எழுதப் பயமெண்டால் விடுங்கோ. எனக்கு விளங்கும். கொண்டு போனவை எண்டாவது எழுதுங்கோ. செய்தவை ஆரோ இருக்கினம் எண்டாவது தெரியட்டும்."

அடுத்த செய்தியில் "கொண்டு போனார்கள்" என்று எழுதினேன். பத்திரிகையில் "காணாமற்போனதாகக் கூறப்படும்" என்று வந்தது. எனக்கு வந்த கோபத்தில் ரெலிபோன் இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன்.

"சேர், 'கூறப்படும்' எண்டு ஏன் போட்டனீங்கள்? கண்ணால கண்ட தாய் சொல்லுறா."

"நீர் எழுதினா அது பேப்பர் சொன்னதாப் போகும், பிள்ளை. நாளைக்கு ஒரு கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது ஆசிரியர். தாய் சொன்னா அது தாய் சொன்னது. மேற்கோளுக்குள்ள வையும். மேற்கோளுக்குள்ள இருக்கிறதில நான் கை வைக்க மாட்டன்."

அவர் என்னை அடக்குவதற்குத்தான் அதைச் சொன்னார். எனக்கு ஒரு கதவு திறந்தது. அடுத்த செய்தியில் திரேசம்மாவின் வாயில் வந்ததை அப்படியே, வந்த பேச்சிலேயே வைத்தேன்: "அவன் போகேல்ல. கொண்டு போனவை." சொன்ன சொல் காப்பாற்றினார் மனிதர். ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

அதற்குப் பிறகு என் செய்திகளில் ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். மீன் விற்கிறவர் மீன் விற்கிற பேச்சிலும் மௌலவி தன் பேச்சிலும் கதைத்தார்கள். நானாட்டானில் வயல் காய்ந்த கமக்காரன் வைகிற பேச்சும் வந்தது. கொழும்பில் இருந்து, "வாசகருக்கு விளங்காது" என்று சொல்லிப் பார்த்தார்கள். "மேற்கோள், சேர்" என்று மட்டும் சொல்லுவேன்.

திரேசம்மாவின் மகன் வரவில்லை. என் நடை அவருக்கு எதையும் திருப்பித் தரவில்லை. ஆனால் "போனார்" என்ற பொய்யை அவர் பெயருக்குக் கீழே நான் பிறகு ஒருபோதும் எழுதவில்லை.

4. உழவு இயந்திரம்

இனிச் சொல்லப்போவது ஏழெட்டு வருடத்துக்கு முன் நடந்தது. அது நடந்த கிராமத்தின் பெயரையும் அதன் ஊர்ச் சங்கத் தலைவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அன்றைக்குப் பத்திரிகையில் எழுதினேன், அது போதும். அவருடைய பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சண்டை முடிந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து குடும்பங்கள் திரும்பி வந்தன. எங்கள் பக்கம் வந்த ஐந்து குடும்பங்களுக்கு ஊர் எல்லையில் காணியும் வீட்டுத்திட்டத்தில் இடமும் கிடைத்தன. அதில் ஒருத்தி செல்வமணி. ஆறு வயதில் படகில் போனவள். மூன்று பிள்ளைகளோடு திரும்பி வந்து தறப்பாள் கூடாரத்தில் இருந்தாள். புருசன் ரவுணில் மேசன் வேலை. ஊரார் வீடெல்லாம் அவன் கட்டினான்.

செல்வமணி என்னிடம் சொன்னது: "வீடு கட்டக் கல்லு வந்துச்சுக்கா. மணலும் வந்துச்சு. புள்ளைங்க மணல்ல ஏறி விளையாண்டுச்சுங்க. மறுநாளு டிராக்டர் வந்து கல்லைத் தூக்கிட்டுப் போயிருச்சு. கேட்டா, லிஸ்டு மாறிருச்சுன்னு சொல்றாங்க."

நான் போய் விசாரித்தேன். ஐந்து நாள் பிடித்தது. பிறகு எழுதினேன்:

"திங்கட்கிழமை செல்வமணியின் காணியில் கல் இறங்கியது. செவ்வாய்க்கிழமை மணல் இறங்கியது. புதன்கிழமை ஓர் உழவு இயந்திரம் வந்து கல்லை ஏற்றியது. வியாழக்கிழமை மணலை ஏற்றியது. உழவு இயந்திரம் ஊர்ச் சங்கத் தலைவருடையது. கல்லும் மணலும் இப்போது கடற்கரை வீதியில் மதில் கட்டிய ஒரு காணிக்குள் கிடக்கின்றன. காணிக்காரர் தலைவரின் மைத்துனர். அவர் கனடாவில் இருக்கிறார். செல்வமணி கூடாரத்தில் இருக்கிறார்."

ஊர் விசயம் என்பதால் என் பெயர் வேண்டாம் என்று டெஸ்கில் முடிவு செய்தார்கள். "விசேட நிருபர்" என்று போட்டார்கள். நானும் ஆறுதலடைந்தேன். காரணம், அந்தத் தலைவர் என் மூத்த மகளின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தி நின்றவர்.

செய்தி வந்த அன்று காலை பத்து மணிக்குத் தலைவர் வீட்டுக்கு வந்தார். என் புருசன் அன்ரன் படகு இயந்திரம் திருத்துகிறவர். முற்றத்தில் ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். தலைவர் கதிரையில் உட்கார்ந்து, பத்திரிகையை விரித்து, செய்தியைச் சத்தமாக வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. கோயிலில் வாசகம் வாசிக்கிறவர்.

"காணிக்காரர் தலைவரின் மைத்துனர். அவர் கனடாவில் இருக்கிறார். செல்வமணி கூடாரத்தில் இருக்கிறார்." நிறுத்தி என்னைப் பார்த்தார். "இது நீர் எழுதினதுதானே?"

"விசேட நிருபர் எண்டு போட்டிருக்கு."

"போட்டிருக்கட்டும். பதினைஞ்சு வருசமா உம்மட எழுத்து வாசிக்கிறன். இப்பிடி நறுக்கு நறுக்கெண்டு வேற ஆர் எழுதுவினம்? சொல்லும். நீரோ இல்லையோ?"

"நான் இல்லை" என்றேன்.

அதுவும் குட்டை வசனம்தான். தன் காலில் நின்ற பொய்.

அவர் பத்திரிகையை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த கிழமையில் இருந்து எங்கள் முற்றத்துக்கு இயந்திரங்கள் வருவது குறைந்தது. கோயிலில் வாசகம் வாசிப்போர் பட்டியலில் என் பெயர் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சங்கத் தலைவரைப் பகைத்தால் ஊரில் யாருக்கும் வேலை கிடைக்காது என்பதை நான் அறிவேன்.

அன்ரன் ஒரு நாள் கையில் எண்ணெயோடு வந்து கேட்டார். "நீ எழுதினதில ஏதும் பிழை இருக்கோ?"

"இல்லை."

"அப்ப விடு." திரும்பிப் போய், பிரித்துப் போட்ட அந்த ஒரே இயந்திரத்தின் முன் குந்தினார்.

5. நல்ல பெயர்

முத்துலிங்கம் சேர் அப்போது செய்தி ஆசிரியராகி ஓய்வுக்குப் போகும் வயதில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"உம்மை உம்மட எழுத்துத்தான் காட்டிக் குடுக்குது, பிள்ளை. செய்தியை விடவேண்டாம். ஆனா கொஞ்ச நாளைக்கு எங்கட பழைய நடையில எழுதும். ஆரும் கண்டுபிடிக்கமாட்டினம்."

எழுதினேன். இருபது வருடம் எதிர்த்து நின்ற நடை இருபது நிமிடத்தில் கைக்கு வந்தது. "வீட்டுத்திட்டப் பயனாளிகள் தெரிவில் சில முறைகேடுகள் இடம்பெற்றுள்ளதாகக் குற்றம் சாட்டப்படும் நிலையில், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதுகுறித்து உரிய கவனம் செலுத்தவேண்டுமெனப் பாதிக்கப்பட்ட மக்கள் கோரிக்கை விடுக்கின்றனர்." கொழும்பில் ஒரு சொல்கூட மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்து மீன் சந்தையில் தலைவரைக் கண்டேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அவரே கிட்ட வந்தார். சிரித்த முகம்.

"உங்கட பேப்பர்க்காரர் இப்ப நல்லா எழுதுகினம். முந்தின மாதிரி இல்லை. பண்பா இருக்கு." பிறகு மகளின் படிப்பை விசாரித்தார். எனக்குப் பாரை மீன் வாங்கித் தரட்டா என்றும் கேட்டார்.

அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பத்திரிகையை எடுத்து மறுபடியும் வாசித்தேன். உழவு இயந்திரத்தைத் தேடினேன். இல்லை. கல் இல்லை, மதில் இல்லை, மைத்துனர் இல்லை. கூடாரமும் இல்லை. முறைகேடு "இடம்பெற்றுள்ளது". யாரும் செய்யவில்லை, மழை பெய்ததுபோல அது தானாக நடந்திருக்கிறது. இந்த நடையை ஐம்பது வருடமாக ஏன் யாரும் மாற்றவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக விளங்கியது. அது மொழி தெரியாததால் வந்த நடை அல்ல. மிக நன்றாக வேலை செய்கிற நடை. உழவு இயந்திரக்காரருக்கு வேலை செய்கிறது.

அவர் கோபித்து என் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. சந்தையில் அவர் சிரித்தபோது அவமானமாக இருந்தது. இரண்டில் எதோடு வாழலாம் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

கொழும்புக்கு எடுத்தேன். "சேர், திரும்ப எழுதுறன். என்ர மாதிரி. பேரும் போடுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும்."

"எழுத்தே பேர் சொல்லுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பிறகு பேரை மறைச்சு என்ன?"

"அனுப்பும். ஆனா ஒவ்வொரு வசனத்துக்கும் உம்மட்ட ஆதாரம் இருக்கோ எண்டு கேப்பன்."

செல்வமணி சொன்னதை அவள் பேச்சிலேயே சேர்த்துப் பத்தொன்பது வசனம் அனுப்பினேன். ரெலிபோனில் ஒவ்வொன்றாக வாசித்து, "இதுக்கு?" என்று கேட்டார். கல் இறக்கிய லொறிக்காரர், எடுத்த படங்கள், வீட்டுத்திட்டப் பெயர்ப் பட்டியலின் இரண்டு பிரதிகள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் அடுத்த வசனத்துக்குப் போனார். ஒரு வசனத்தில் நின்றார். "'சந்தையில் தலைவர் சிரித்தார்.' இது உண்மையோ?"

"ஓம், சேர். நான் கண்டனான்."

"சிரிச்சதுக்கும் கல்லுக்கும் என்ன?"

நான் வாதாடப் பார்த்தேன். முடியவில்லை. அது என் கோபம். செல்வமணியின் கல் அல்ல. "எடுங்கோ" என்றேன். மீதிப் பதினெட்டும் என் பெயரோடு, ஒட்டாமல், நீட்டாமல் வந்தன.

6. எந்த வசனம் பிழை?

பதினைந்து நாளில் பிரதேச செயலகத்தில் விசாரணை வைத்தார்கள். விசாரித்தவர் ஒரு பெண் அதிகாரி. வெளியூர்க்காரி, எங்கள் யாரையும் அறியாதவர். ஒரு பக்கத்தில் தலைவரும் சங்கத்தினரும். மறுபக்கத்தில் செல்வமணி, அவள் புருசன், நான். அன்ரன் வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தார்.

தலைவர் நான்கு பக்கக் கடிதம் கொண்டுவந்திருந்தார். "உண்மைக்குப் புறம்பான, காழ்ப்புணர்ச்சியின் வெளிப்பாடான, எனது நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் நோக்கில் புனையப்பட்ட…" என்று போனது. அதிகாரி இரண்டாம் பக்கம் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பத்திரிகையைக் கையில் எடுத்தார்.

"ஐயா, இதில எந்த வசனம் பிழை எண்டு காட்டுங்கோ."

"முழுக்கப் பிழை, மிஸ்."

"அப்ப ஒவ்வொண்டாப் பாப்பம். திங்கட்கிழமை இவவின்ர காணியில கல் இறங்கினதோ?"

"இறங்கினது."

"புதன்கிழமை ஏத்தினதோ?"

"ஏத்தினது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு."

"காரணத்துக்குப் பிறகு வருவம். உழவு இயந்திரம் உங்கடயோ?"

தலைவர் சங்கச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நிலத்தைப் பார்த்தார். "என்ரதான். ஆனா எழுதின விதம் பிழை, மிஸ். வேணுமெண்டு குத்திக் குத்தி எழுதினது."

"விதத்தை நான் விசாரிக்கேலாது, ஐயா."

அப்போது அவர் செல்வமணி பக்கம் திரும்பினார். "இவ கதைக்கிறதைக் கேளுங்கோ. இந்தியாக் கதை. பேப்பரிலயும் அப்பிடித்தான் கிடக்கு. இவ இந்த ஊரோ?"

செல்வமணியின் பேச்சை மாற்றாமல் போட்டது நான். அது அவளுக்கு எதிராகவே மேசையில் கிடந்தது. செல்வமணி எழும்பினாள். பேச்சை மாற்றவில்லை.

"ஆறு வயசுல படகுல ஏத்துனாங்கம்மா. இருபத்தி நாலு வருசம் அங்கதான் இருந்தேன். பேச்சு அங்கிட்டு மாதிரி ஆயிருச்சு. பொறந்தது இங்கதான். சர்ட்டிபிகேட்டு இருக்கு." பொலித்தீன் பைக்குள் இருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தாள்.

தலைவருக்குக் கடைசியாக மிஞ்சியது நான். "மிஸ், இதை எழுதினவ இஞ்ச இருக்கிறா. முதல் செய்தி வந்த அண்டைக்கு, நான் எழுதேல்ல எண்டு என்ர முகத்துக்கு நேர சொன்னவ. பொய் சொல்லுற ஆளின்ர எழுத்தையோ நம்பப்போறியள்?"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அப்பிடிச் சொன்னனீங்களோ?"

"ஓம். சொன்னனான்" என்றேன். "பொய்தான் சொன்னனான். அண்டைக்குப் பயம். முதல் செய்தியும் நான் எழுதினது. ரெண்டாவதும் நான் எழுதினது, அதில ஒண்டும் இல்லை. மூண்டாவது என்ர பேரோட இருக்கு. அதில ஒரு வசனம் பிழையெண்டால் இப்பவே இந்த வேலையை விடுறன்."

அதிகாரி எதையோ எழுதினார். தலைவர் தன் நான்கு பக்கத்தையும் அடுக்கி மடித்தார்.

7. பிறகு

பட்டியல் மறுபடி பார்க்கப்பட்டது என்று அந்தப் பழைய நடையில் எழுத வந்தது, பாருங்கள். அந்த அதிகாரி பட்டியலை மறுபடி பார்த்தார். செல்வமணியின் காணிக்கு வேறு கல் வந்தது. இரண்டு அறையும் ஒரு குசினியும் அவள் புருசனே கட்டினான். மற்ற நான்கு குடும்பங்களில் இரண்டுக்கு இன்றுவரை வீடு இல்லை. அவர்களைப் பற்றி ஆறு தரம் எழுதினேன். தலைவர் மேலும் இரண்டு வருடம் தலைவராகவே இருந்தார். என் மகளின் கலியாணத்துக்கு ஞானத்தகப்பன் வரவில்லை. மகள் ஒரு நாள் அழுதாள். அவளிடம் நான் சமாதானம் சொல்லவில்லை, அந்தப் பதினெட்டு வசனத்தில் எதை எடுத்திருக்கலாம் என்று கேட்டேன். அவள் எழும்பிப் போய்விட்டாள். இப்போதும் அந்தக் கேள்விக்காக என்னில் கோபம்தான். இயந்திரங்கள் மட்டும் திரும்பி வந்தன. கடலில் நடுவழியில் நிற்கிற இயந்திரத்துக்கு ஊர் அரசியல் தெரியாது, அன்ரனின் கையைத்தான் தெரியும்.

இப்போது வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் கைபேசியைக் காட்டுகிறார்கள். நான்கு விபரம் கொடுத்தால் அதுவே செய்தி எழுதித் தருகிறதாம். வாசித்துப் பார்த்தேன். பிழை இல்லாத தமிழ். முறைகேடுகள் இடம்பெறுகின்றன. அசௌகரியங்கள் ஏற்படுகின்றன. கவனம் செலுத்தப்பட வேண்டும். யாரும் எதையும் செய்யவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நடை என்பது அழகாக எழுதுவதற்காகத் தேடிப் போகிற ஒன்று அல்ல. யார் செய்தது என்பதை எழுதுங்கள். அதை மறைக்கச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஒருவர் கேட்பார், அன்பாகவே கேட்பார். ஒவ்வொரு நாளும் மறுத்துக்கொண்டு வாருங்கள். பத்து வருடத்தில் அந்த மறுப்புக்கு ஒரு சாயல் வந்துவிடும். மற்றவர்கள் அதை உங்கள் நடை என்பார்கள். அதைக் கண்டுபிடித்து யாராவது பத்திரிகையோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் கதவைத் திறவுங்கள், கதிரை கொடுங்கள், நான்தான் எழுதினேன் என்று சொல்லுங்கள். பத்து வருடம் எழுதியும் ஒருவர்கூட வரவில்லையென்றால், அப்போது பயப்படுங்கள்.